ஜான் மால்கம்: மதராஸ் பட்டாளத்திலிருந்து பாரசீக அரசவை வரை

கிழக்கிந்தியக் கும்பெனியிடம் தூதர்களுக்கென்று தனித் துறை எதுவும் இருந்ததில்லை. ஐதராபாத் நிஜாமிடமோ மராத்தியத் தலைவர் சிந்தியாவிடமோ டெஹ்ரானில் பாரசீக அரசரான ஷாவிடமோ பேச ஆள் வேண்டுமென்றால் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்தே எடுத்தார்கள். காரணம் எளிது. கும்பெனிப் படையில் பதவி உயர்வு வரிசைப்படிதான் வரும். திறமை இருந்தாலும் மேலே இருப்பவர் ஓய்வு பெறவோ சாகவோ காத்திருக்க வேண்டும். ஆகவே சூட்டிகையான இளம் அதிகாரிகள் மொழி கற்று, ‘பொலிட்டிக்கல்’ என்று அவர்கள் அழைத்த அரசியல் பணிக்குத் தாவினார்கள். அங்கே சம்பளம் கூடுதல், செல்வாக்கும் கூடுதல். கும்பெனிக்கும் அது வசதியாக இருந்தது. உடன்படிக்கை பேசப் போகிறவனுக்கு எதிராளியின் குதிரைகள் எத்தனை, பீரங்கி மாடுகள் எந்த நிலையில் இருக்கின்றன, கோட்டைக்குள் தானியம் எத்தனை நாளைக்கு வரும் என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்.

இந்தப் பாதையில் நடந்தவர்களில் ஜான் மால்கமின் வாழ்க்கை அதிகம் சொல்லித் தருகிறது. மூன்று முறை பாரசீகத்துக்குத் தூது போனார். நிஜாம், மராத்தியர்களான சிந்தியா, ஹோல்கர், பேஷ்வா ஆகிய நான்கு பெரிய தர்பார்களுடனும் கும்பெனிக்காகப் பேசினார். சில உடன்பாடுகள் உறுதியாக நின்றன, சில மை காய்வதற்குள் பயனற்றுப் போயின. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. எதிர்த் தரப்பின் படை யாரை நம்பிச் சோறு உண்கிறது, அந்த அரசின் கழுத்தில் கத்தி வைத்திருப்பவன் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்து பேசியபோது வென்றார். அதைக் கணக்கில் எடுக்காதபோது தோற்றார்.

பதின்மூன்று வயதில் படைவேலை

மால்கம் 1769 மே 2 அன்று ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில், லாங்கம் ஊருக்கு அருகே பர்ன்ஃபுட் என்ற பண்ணையில் பிறந்தார். வீட்டில் பதினேழு பிள்ளைகள். தந்தை வியாபாரத்தில் நொடித்துக் கடனில் இருந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்புவதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு வழியில்லை. லண்டனில் கும்பெனி இயக்குநர்கள் முன் நிறுத்தப்பட்டபோது, “ஹைதர் அலியைச் சந்தித்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டதாகவும், “வாளை உருவித் தலையை வெட்டுவேன்” என்று பையன் சொன்னதாகவும் அவர் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 1783இல் அவர் மதராஸ் வந்து இறங்குவதற்குள் ஹைதர் இறந்துவிட்டார். மைசூர் திப்புவின் கையில் இருந்தது.

அப்போது கும்பெனிக்கு இராணுவப் பள்ளி கிடையாது. அடிஸ்கோம்ப் பள்ளி தொடங்கியது 1809இல்தான். வேலை கற்றுக்கொண்டதெல்லாம் பட்டாளத்திலேயே. வேலூரில் முதல் ஆண்டுகள் கழிந்தன. 1784 மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகு திப்பு விடுவித்த கைதிகளை அழைத்துவரப் போன ஒரு சிறு படைப்பிரிவுக்கு, பதினைந்து வயதான மால்கமே தலைவர். அந்த வயதில் சம்பளமும் சூதாட்டமும் கையில் கிடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கடன் கழுத்துவரை ஏறியது. பட்டாளத்துக் கடைவீதியில் ஒரு வயதான பெண்மணி கடனுக்குச் சாப்பாட்டுப் பொருள் கொடுத்துக் காப்பாற்றினார் என்றும், பிற்காலத்தில் மால்கம் அவருக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்தார் என்றும் பதிவு இருக்கிறது.

திருப்பம் 1792இல் வந்தது. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை வளைத்திருந்தது. நிஜாமின் படையோடு சேர்ந்திருந்த கும்பெனிப் பிரிவில் மால்கமும் அங்கே இருந்தார். சண்டை ஓய்ந்ததும் கூடாரங்களுக்குள் வேறொரு வேலை நடந்தது. சர் ஜான் கென்னவேயும் கிரேம் மெர்சரும் வக்கீல்கள் எனப்பட்ட திப்புவின் தூதர்களோடு பாரசீக மொழியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் செல்வாக்கைப் பார்த்துத்தான் மால்கம் பாரசீகம் படிக்க உட்கார்ந்தார். விரைவில் நிஜாமின் நாட்டில் இருந்த கும்பெனிப் பிரிவுக்குப் பாரசீக மொழிபெயர்ப்பாளராக நியமனம் கிடைத்தது.

அந்த மொழி ஏன் அவ்வளவு முக்கியம்? இந்திய அரசுகளுக்கிடையே கடிதப் போக்குவரத்து பாரசீகத்தில்தான் நடந்தது. தர்பாரில் அன்றன்று நடப்பதை எழுதி அனுப்பும் அக்பார் செய்தித்தாள்களும் அதே மொழியில்தான் வந்தன. தர்பாரில் தங்கும் கும்பெனிப் பிரதிநிதிக்கு ரெசிடென்ட் என்று பெயர். மொழி தெரியாத ரெசிடென்ட், எழுதவும் மொழிபெயர்க்கவும் வைத்திருந்த முன்ஷியின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முன்ஷி விலை போயிருந்தால் எல்லாம் போயிற்று. உடன்படிக்கை எழுதும்போது சிக்கல் இன்னும் பெரிது. முதலில் நம்பிக்கைக் கடிதங்களைச் சரிபார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு ஷரத்தாக வரைவு எழுதி, இரு மொழிகளிலும் இரு பிரதிகள் தயாரித்து, முத்திரை இட்டு மாற்றிக்கொள்வார்கள். அதன்பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் வந்து சேர வேண்டும். ஆங்கிலப் பிரதி ஒன்றும் பாரசீகப் பிரதி வேறொன்றும் சொன்னால் அடுத்த போருக்கான காரணம் அங்கேயே தயாராகிவிடும். இரண்டையும் தானே படித்து ஒப்பிடத் தெரிந்த அதிகாரி கும்பெனிக்குப் பொக்கிஷம்.

ஐதராபாத், அக்டோபர் 1798

மால்கமின் தொழில் முறையைப் புரிந்துகொள்ள ஐதராபாத்தே சரியான இடம். நிஜாமிடம் பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்றுவித்த படை ஒன்று இருந்தது. அதை வளர்த்த ரேமோன் 1798 மார்ச்சில் இறந்துபோக, பீரோன் என்பவர் தலைமை ஏற்றார். ஏறக்குறைய 14,000 பேர், பீரங்கிகளோடு. திப்புவோடு மீண்டும் போர் மூண்டால் இந்தப் படை எந்தப் பக்கம் திரும்பும் என்பதே கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லியின் கவலை.

1798 செப்டம்பர் 1 அன்று நிஜாமோடு துணைப்படை உடன்படிக்கை கையெழுத்தானது. கும்பெனியின் ஆறு பட்டாளங்கள் ஐதராபாத்தில் நிற்கும், அதற்கு நிஜாம் ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுப்பார், பிரெஞ்சுப் படை கலைக்கப்படும். ஆனால் தன் நாட்டின் மிகச் சிறந்த காலாட்படையைத் தானே கலைக்க எந்த அரசருக்குத்தான் மனம் வரும்? நிஜாம் தயங்கினார். ரெசிடென்ட் ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக் நெருக்கினார். கர்னல் ராபர்ட்ஸின் பட்டாளங்கள் வந்து சேர்ந்தன. கலைப்பு ஆணை வெளியானதும் பிரெஞ்சுப் படையின் சிப்பாய்கள் சம்பளப் பாக்கி கேட்டுத் தங்கள் அதிகாரிகளையே சிறைபிடித்தார்கள்.

கிர்க்பாட்ரிக்கின் உதவியாளராக இருந்த மால்கம் அந்தக் கூட்டத்துக்குள் போனார். அவரையும் சூழ்ந்துகொண்டார்கள். முன்பு கும்பெனிப் பட்டாளத்தில் அவரோடு இருந்து பிறகு இங்கே வந்து சேர்ந்திருந்த சில சிப்பாய்கள் அடையாளம் கண்டு அவரை மீட்டார்கள். அடுத்து நடந்ததைக் கவனித்தால் அவருடைய வழி தெரிகிறது. ஒருபக்கம் நிஜாமின் குதிரைப்படையும் கும்பெனிப் பட்டாளங்களும் முகாமைச் சுற்றி நின்றன. மறுபக்கம், ஆயுதத்தைக் கீழே வைத்தால் பாக்கிச் சம்பளம் கிடைக்கும் என்ற உறுதி சிப்பாய்களுக்குப் போனது. பிரெஞ்சு அதிகாரிகள் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். அதிகாரிகள் இல்லாத, சம்பளம் நிச்சயமான படை எதற்காகச் சாக வேண்டும்? சில மணி நேரத்தில் 14,000 பேரும் ரத்தமின்றிக் கலைந்தார்கள்.

அந்த உடன்படிக்கையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. துணைப்படைக்கான தொகையைத் தவணை தவறாமல் ரொக்கமாகக் கட்ட வேண்டும். நாட்டின் வருமானமோ அறுவடையை ஒட்டித்தான் வரும், வறட்சியில் வராமலும் போகும். இடைவெளியை நிரப்பச் சாகுகாரர்களிடம் வட்டிக்கு வாங்குவார்கள். வட்டி ஏறும், தவணை தவறும். அப்போது பணத்துக்குப் பதிலாக நிலம் கேட்கப்படும். நிஜாமுக்கு அது இரண்டே ஆண்டுகளில் நடந்தது. 1800 அக்டோபரில் பல்லாரி, கடப்பை முதலிய பகுதிகள் கும்பெனி கைக்குப் போயின. வெளித்தாக்குதலிலிருந்து காப்பதாகச் சொல்லி வந்த படை, ஒரு குண்டும் சுடாமல் நாட்டின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது. மால்கம் தன் வாழ்நாள் முழுதும் இந்த ஏற்பாட்டை நம்பியவர். அவர் திறமையைப் பாராட்டும்போது அந்தத் திறமை எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. மைசூரைப் பங்கிட அமைந்த ஆணையத்துக்கு மால்கமும் தாமஸ் மன்றோவும் செயலர்கள். ஐந்து வயது கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறினார். திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். 1806 வேலூர்ப் புரட்சியில் சிப்பாய்கள் திப்புவின் கொடியை ஏற்ற முடிந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

பாரசீகம்: ஒப்பந்தத்தில் இல்லாத எதிரி

1799 டிசம்பர் கடைசியில் மால்கம் பம்பாயிலிருந்து பாரசீகத்துக்குக் கப்பலேறினார். வயது முப்பது, பதவி கேப்டன். அவரை அனுப்பிய வெல்லஸ்லிக்கு இரண்டு அச்சங்கள். ஆப்கான் அரசர் ஜமான் ஷா லாகூர்வரை வந்து போயிருந்தார், நெப்போலியன் எகிப்தில் இருந்தார். இருவரையும் தடுக்கப் பாரசீகத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்பது திட்டம்.

வழியில் மஸ்கட்டில் இறங்கி, அங்கே கும்பெனியின் முகவர் ஒருவர் தங்க 1800 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தார். பிப்ரவரியில் புஷெஹர் துறைமுகம். டெஹ்ரானில் ஃபத் அலி ஷாவைச் சந்தித்தது நவம்பர் 16 அன்று. இடையில் ஒன்பது மாதம் ஏன்? தூதுக்குழு ஏறக்குறைய 500 பேர் கொண்டது. மதராஸ் குதிரைப்படையினர், பம்பாய் கிரெனேடியர்கள், இந்தியப் பணியாளர்கள், உள்ளூரில் சேர்த்த பாரசீகர்கள் என்று ஒரு சிறு நகரமே நகர்ந்தது. இத்தனை பேருக்கும் கோவேறு கழுதைகளும் தீவனமும் தேட வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு ஆளுநரோடும் மரியாதைப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். வரவேற்க ஊருக்கு வெளியே எவ்வளவு தூரம் வருவார்கள், யார் வருவார்கள், அவையில் இருக்கை எங்கே போடப்படும் என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்காமல் மால்கம் நகரமாட்டார். ஷிராஸில் இளவரசரின் அவையில் இருக்கை விஷயமாகத் தகராறே நடந்தது. இது வீண் ஜம்பம் அல்ல. ஷிராஸில் ஒரு படி கீழே உட்கார்ந்துவிட்டால் டெஹ்ரானில் இரண்டு படி கீழே உட்கார வைப்பார்கள், பேச்சின் எடையும் அதற்கேற்பக் குறையும்.

பரிசுகளை அவர் வாரி இறைத்தார். கடிகாரங்கள், துப்பாக்கிகள், கண்ணாடிகள், துணிகள் என்று ஷா முதல் வாயிற்காவலர்வரை எல்லாருக்கும் ஏதாவது கிடைத்தது. 1801 ஜனவரி 28 அன்று அரசியல் உடன்படிக்கையும் வணிக உடன்படிக்கையும் கையெழுத்தாயின. ஆப்கானியர் இந்தியாவைத் தாக்கினால் ஷா அவர்கள் நாட்டின் மேல் படை அனுப்புவார். ஆப்கானியரோ பிரெஞ்சுக்காரரோ பாரசீகத்தோடு போர் தொடுத்தால் ஆங்கிலேயர் பீரங்கியும் போர்த் தளவாடமும் கொடுப்பார்கள். பிரெஞ்சுக்காரர் பாரசீகக் கரையில் கால் ஊன்ற முயன்றால் இரு தரப்பும் சேர்ந்து விரட்டுவார்கள்.

படிக்க நன்றாக இருந்தது. ஆனால் ஜமான் ஷாவின் ஆபத்து ஏற்கெனவே தணிந்திருந்தது. புஷெஹரில் கும்பெனி முகவராக இருந்த மெஹ்தி அலி கான் அதற்கு முன்பே பாரசீக ஷாவைத் தூண்டி ஆப்கானியரின் ஹெராத் பக்கம் நெருக்கடி கொடுக்கச் செய்திருந்தார், ஜமான் ஷா 1799 தொடக்கத்திலேயே லாகூரிலிருந்து திரும்பிவிட்டார். 1801இல் அவர் பதவி இழந்து குருடாக்கப்பட்டார். அதே ஆண்டு பிரெஞ்சுப் படையும் எகிப்தை விட்டு வெளியேறியது. பாரசீகத் தரப்பில் கையெழுத்திட்ட முதலமைச்சர் ஹாஜி இப்ராஹிம் சில மாதங்களில் ஷாவின் ஆணைப்படி கொல்லப்பட்டார். ஒப்புதல் பிரதிகளை மாற்றிக்கொள்ள வந்த பாரசீகத் தூதர் ஹாஜி கலீல் கான், 1802 ஜூலையில் பம்பாயில் தன் ஆட்களுக்கும் காவல் சிப்பாய்களுக்கும் நடந்த கைகலப்பில் சுடப்பட்டு இறந்தார். மன்னிப்புக் கேட்டு, குடும்பத்துக்கு ஓய்வூதியம் வழங்கி விஷயத்தைத் தணிக்க மால்கமே ஓட வேண்டியிருந்தது.

இவையெல்லாம் விபத்துகள். உடன்படிக்கையின் உண்மையான ஓட்டை வேறு. பாரசீகத்தின் கழுத்தில் கத்தி வைத்திருந்தது ஆப்கானும் இல்லை, பிரான்சும் இல்லை. ரஷ்யா. 1801இலேயே ரஷ்யா ஜார்ஜியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது, 1804இல் காகசஸ் பகுதியில் உள்ள கஞ்சா நகரக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது, முழுப்போர் மூண்டது. உடன்படிக்கையில் ரஷ்யா பற்றி ஒரு சொல்லும் இல்லை. உதவி கேட்டு முகமது நபி கான் இந்தியாவுக்குத் தூது வந்தார். நெப்போலியனுக்கு எதிராக ரஷ்யாவோடு கைகோத்திருந்த பிரிட்டன் கைவிரித்தது. ஷா நெப்போலியன் பக்கம் திரும்பினார். 1807 மே மாதம் கையெழுத்தான ஃபின்கென்ஸ்டைன் உடன்படிக்கையில் நெப்போலியன் ஜார்ஜியா ஷாவுக்கே உரியது என்று ஒப்புக்கொண்டு, பீரங்கியும் பயிற்சி அதிகாரிகளும் அனுப்புவதாகச் சொன்னார். மால்கம் பேசாமல் விட்டதை நெப்போலியன் பேசினார் என்பதுதான் இதன் பொருள். வெல்லஸ்லியின் கட்டளை அப்படி இருந்தது, மால்கம் என்ன செய்வார் என்று சிலர் வாதாடுவார்கள். ஓரளவு நியாயமே. ஆனாலும் டெஹ்ரானில் மாதக்கணக்கில் இருந்தவர், ஷாவின் அச்சம் வடமேற்கில் இருக்கிறது என்பதைத் தன் மேலிடத்துக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

1808இல் இரண்டாம் தூது. அப்போது மால்கமின் மனநிலை கடுமையாக இருந்தது. புஷெஹரில் இறங்கியவுடன், பிரெஞ்சுத் தளபதி கார்டேனின் குழுவை வெளியேற்றினால்தான் பேச்சு என்றார். டெஹ்ரான் அவரை உள்ளே விடவில்லை, ஷிராஸ் இளவரசரோடு பேசிக்கொள்ளச் சொன்னது. கோபித்துக்கொண்டு ஜூலையில் கப்பலேறி, பாரசீக வளைகுடாவில் உள்ள கார்க் தீவைக் கைப்பற்றி அங்கிருந்து பாரசீகத்தை நெருக்கலாம் என்று கல்கத்தாவில் திட்டம் கொடுத்தார். அவரிடம் அப்போது மிரட்டலுக்குப் பின்னால் நிற்கும் படை இல்லை. ஐதராபாத்தில் மிரட்டல் பலித்தது, ஊருக்கு வெளியே பட்டாளம் நின்றதால். புஷெஹரில் சில கப்பல்கள் மட்டுமே.

அவர் விலகிய இடத்தில் லண்டனிலிருந்து மன்னரின் தூதராக வந்த ஹார்ஃபோர்ட் ஜோன்ஸ் நுழைந்தார். டில்சிட்டில் நெப்போலியனும் ரஷ்யப் பேரரசரும் சமாதானம் செய்துகொண்டதால் பிரெஞ்சு வாக்குறுதிகள் வெறும் காகிதமாகியிருந்தன. 1809 மார்ச்சில் ஜோன்ஸ் எளிதாக உடன்படிக்கை முடித்தார். சில மாதம் பொறுத்திருந்தால் மால்கமுக்கே அது கிடைத்திருக்கும்.

1810இல் மூன்றாம் முறை போனபோது பாடம் கற்றிருந்தார். இந்த முறை பீரங்கிகளும் அவற்றை இயக்கப் பழக்கும் அதிகாரிகளும் உடன் சென்றார்கள். அவர்களில் மதராஸ் பீரங்கிப் படையின் லிண்ட்சேயும் பம்பாய்ப் படையின் கிறிஸ்டியும் இளவரசர் அப்பாஸ் மிர்ஸாவின் படையோடு தங்கிவிட்டார்கள். கிறிஸ்டி 1812இல் அஸ்லாண்டூஸில் ரஷ்யரோடு நடந்த சண்டையில் இறந்தார். கிறிஸ்டியும் ஹென்றி பாட்டிஞ்சரும் பலூசிஸ்தான் வழியாக மாறுவேடத்தில் நிலவழி ஆய்வு செய்து பாரசீகம் சேர்ந்ததும் இந்தத் தூதுக்காகத்தான். அந்தப் பாட்டிஞ்சரே பிற்காலத்தில் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கையை முடித்து, ஹாங்காங்கின் முதல் ஆளுநராகி, பிறகு மதராஸ் ஆளுநராகவும் வந்தார். ஷா மால்கமை அன்போடு வரவேற்று விருதும் அளித்தார். பாரசீகத்தில் உருளைக்கிழங்கைப் பரப்பியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆனால் லண்டன் வேறொரு தூதரை நியமித்திருந்ததால் அரசியல் வேலை எதுவும் மிஞ்சவில்லை. திரும்பி வந்து எழுதிய பாரசீக வரலாறு 1815இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

குவாலியர் தகராறு

முதல் இரண்டு பாரசீகப் பயணங்களுக்கு நடுவே மராத்தியர் விவகாரம். 1803 டிசம்பரில் சிந்தியாவோடு சுர்ஜி அஞ்சன்காவ் உடன்படிக்கையும், 1804 பிப்ரவரியில் பர்ஹான்பூரில் துணைப்படை உடன்படிக்கையும் ஏற்பட்டன. இரண்டாவதைப் பேசி முடித்தவர் மால்கம். முதல் உடன்படிக்கையில் ஒரு ஷரத்து தெளிவின்றி எழுதப்பட்டிருந்ததால், குவாலியர் கோட்டை யாருக்கு என்ற சண்டை கிளம்பியது. கோட்டை சிந்தியாவுக்கே போக வேண்டும், அவர் அப்படிப் புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டார் என்பது மால்கமின் கருத்து. ஆர்தர் வெல்லஸ்லியும் அப்படியே நினைத்தார். நேர்மை என்ற பெயரைக் காக்கக் குவாலியரைப் பத்து முறைகூட விட்டுக்கொடுப்பேன் என்ற பொருளில் மால்கமுக்குக் கடிதம் எழுதினார். அண்ணன் கவர்னர் ஜெனரல் கடுங்கோபம் கொண்டு மால்கமைக் கண்டித்தார். அந்தக் கவர்னர் ஜெனரல் பதவியிலிருந்து போனதும், 1805 நவம்பரில் கும்பெனி குவாலியரைச் சிந்தியாவுக்கே திருப்பிக் கொடுத்தது. இடையில் இரண்டு ஆண்டு மனக்கசப்பும் செலவும்தான் மிச்சம்.

மஹித்பூர், பிறகு பாஜிராவ்

1817இல் மீண்டும் மதராஸ் வழியாக வந்த மால்கம், தக்காணப் படையில் ஒரு பிரிவின் தலைவராகவும் கவர்னர் ஜெனரலின் அரசியல் முகவராகவும் ஒருசேர நியமிக்கப்பட்டார். ஹோல்கர் அரசில் மல்ஹர்ராவ் சிறுவர், ஆட்சி துளசி பாயின் கையில். அவர் சமாதானத்துக்கு இசைந்தார். ஆனால் படைத் தலைவர்களுக்குச் சம்பளப் பாக்கி மலைபோல் இருந்தது. சமாதானம் வந்தால் படை கலையும், பாக்கி மூழ்கும். பேஷ்வா தரப்பிலிருந்து பணம் வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. டிசம்பர் 20 அன்று அவர்கள் துளசி பாயைச் சிப்ரா நதிக்கரையில் கொன்றார்கள். மறுநாள் மஹித்பூரில் போர்.

மதராஸ் படைத் தளபதி சர் தாமஸ் ஹிஸ்லப் பொதுத் தலைமை. நதியைக் கடக்க ஒரே துறை, எதிரே பீரங்கி வரிசை. கும்பெனியின் இலகு பீரங்கிகள் விரைவில் செயலிழந்தன. மால்கம் காலாட்படையோடு நேராகப் பீரங்கிகளின் மீது பாய்ந்தார். பாளையங்கோட்டை, திருச்சிராப்பள்ளி இலகு காலாட்படைகள் அந்தப் பாய்ச்சலில் முன்னே நின்றவை. வெற்றிக்கு விலை, கும்பெனித் தரப்பில் இறந்தும் காயம்பட்டும் 750 பேருக்கு மேல். சுற்றி வந்து தாக்கியிருக்கலாம் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது, அது சரியென்றே படுகிறது. துப்பாக்கியைத் தோளில் சுமந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து மால்வாவரை நடந்த சிப்பாய்களின் உயிர் அங்கே தாராளமாகச் செலவழிக்கப்பட்டது.

1818 ஜனவரி 6 அன்று மந்தசௌரில் ஹோல்கரோடு உடன்படிக்கை. கான்தேஷ் போயிற்று, ராஜபுத்திர அரசுகளின் மேல் இருந்த உரிமை போயிற்று, இந்தூரில் ரெசிடென்ட் வந்தார். கொள்ளைக் குதிரைக்கூட்டங்களான பிண்டாரிகளின் தலைவர்களில் கரீம் கான் பிப்ரவரியில் மால்கமிடம் சரணடைந்தார், கோரக்பூர்ப் பக்கம் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள்.

மீதி இருந்தவர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ். மாதக்கணக்கில் துரத்தப்பட்டு, மே கடைசியில் அசீர்கட் கோட்டைக்கு அருகே வந்து நின்றார். கோட்டை சிந்தியாவின் ஆளிடம். அவர் கதவைத் திறந்துவிட்டால் நீண்ட முற்றுகை. மழைக்காலம் தொடங்கப் போகிறது. கரிசல் மண்ணில் மழை பெய்தால் பீரங்கி வண்டி நகராது, மாடுகள் சாகும், வேட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் மால்கம் நிபந்தனை சொன்னார். பட்டத்தைத் துறக்க வேண்டும், தக்காணத்தை விட்டு வட இந்தியாவில் வாழ வேண்டும். பதிலுக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம். 24 மணி நேரக் கெடு. ஜூன் 3 அன்று பாஜிராவ் வந்து சேர்ந்தார்.

அதோடு முடியவில்லை. சில நாட்களில் பாஜிராவின் அரபுக் கூலிப்படையினர் பாக்கிச் சம்பளம் கேட்டு அவர் கூடாரத்தையே சூழ்ந்துகொண்டார்கள். கும்பெனிப் படை சுட்டால் முதலில் சாவது பாஜிராவாக இருக்கும். மால்கம் ஐதராபாத்தில் செய்ததையே செய்தார். படையைச் சுற்றி நிறுத்தி, பாக்கியைப் பேசித் தீர்த்து, அரபுகளைக் கலைத்து அனுப்பினார்.

கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸுக்குத் தொகை பிடிக்கவில்லை. எப்படியும் சில வாரத்தில் சிக்கியிருப்பார், எதற்கு எட்டு லட்சம் என்றார். மால்கம் கொடுத்த வாக்கு என்பதால் ஒப்புதல் வந்தது. இன்னொரு மழைக்காலம் தக்காணப் படைகளைக் களத்தில் வைத்திருக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மால்கமின் கணக்கு தவறில்லை. பாஜிராவ் அவ்வளவு காலம் வாழ்வார் என்றுதான் யாரும் எண்ணவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகள் மால்கம் மால்வாவை நிர்வகித்தார். மௌ படைநகரம் அவர் அமைத்தது. யாரும் எப்போதும் வந்து முறையிடலாம், நாலு கதவும் திறந்திருக்கட்டும் என்பது அவர் விதி. தர்பார்களின் இடைத்தரகர்களை ஒதுக்கிவைத்து நேரே பேசியதால் அவருக்கு அங்கே உண்மையான மதிப்பு இருந்தது. பம்பாய் ஆளுநர் பதவி எல்ஃபின்ஸ்டனுக்கும், மதராஸ் மன்றோவுக்கும் போனபோது மனம் நொந்து ஊர் திரும்பினார். பம்பாய் பின்னர் 1827இல் கிடைத்தது. பம்பாயில் இருந்த மூன்று ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தோடு அதிகார எல்லைச் சண்டை, மகாபலேஷ்வர் மலைவாசத்தலம், சூயஸுக்கு முதல் நீராவிக் கப்பல் என்று பல காரியங்கள். 1833 மே 30 அன்று லண்டனில் இறந்தார்.

பாஜிராவ் கான்பூருக்கு அருகே பித்தூரில் 1851 ஜனவரிவரை வாழ்ந்தார். ஆண்டுக்கு எட்டு லட்சம் என்று முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல், இரண்டரைக் கோடி ரூபாயைத் தாண்டியது. 1818இல் எழுதிய நிபந்தனையில் அந்தத் தொகை பாஜிராவையும் அவர் குடும்பத்தையும் பராமரிக்க என்று இருந்தது. அவர் இறந்தபின் என்ன ஆகும் என்று எதுவும் இல்லை. தத்துப்பிள்ளை நானா சாகிப், குடும்பம் இன்னும் இருக்கிறது, ஓய்வூதியம் தொடர வேண்டும் என்று மனுப் போட்டார். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, அது பாஜிராவின் ஆயுளோடு முடிந்தது, சேர்த்து வைத்த சொத்து குடும்பத்துக்குப் போதும் என்று மறுத்தார். நானா சாகிப் அஜிமுல்லா கானை லண்டனுக்கு அனுப்பி இயக்குநர்களிடம் முறையிட்டுப் பார்த்தார். அங்கும் மறுப்புதான். 1857 ஜூனில் கான்பூரில் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் இதே நானா சாகிப்.